காமாலைக்கு ஓர் அப்பீல்

என் அகத்துக்காரருக்குக் காமாலை வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான். அதை ஒப்புக்கொள்ள அவருக்கு வெகுநாள் பிடித்தது. வக்கீல் அல்லவா, எடுத்த எடுப்பில் எதையும் ஒப்புக்கொள்கிற வழக்கம் கிடையாது. ஒரு காலை காபியை நீட்டும்போது அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி இருந்தது.

"ஏன்னா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே?" என்றேன்.

"ஜன்னல் கண்ணாடியோட நிறம் அது" என்றார்.

எங்கள் வீட்டு ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது, வெறும் மரக்கதவு. அதைச் சொன்னேன். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு" என்று சாட்சியை அதட்டுவதுபோல் அதட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். கேள்வி கேட்டவள் நான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது. மயிலாப்பூரில் குளத்துக்கு வடக்கே எங்கள் தெரு. அந்தத் தெருவில் கால் தடுக்கி விழுந்தால் ஒரு வக்கீல் மேல்தான் விழவேண்டும், அத்தனை வக்கீல்கள். எங்கள் வீட்டில் மூன்றே பேர்: அவர், நான், அவருடைய அக்கா. அக்கா சிறு வயதிலேயே புருஷனை இழந்து பிறந்தகத்துக்கே திரும்பிவிட்டவர். மழித்த தலை, அதன்மேல் இழுத்துவிட்ட நார்மடிப் புடவை முக்காடு. வெளி ஆண்கள் வந்தால் கூடத்துப் பக்கம் தலைகாட்ட மாட்டார். வீட்டிலிருந்து யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், ஒருவரும் சொல்லாமலே முன்கூட்டிக் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வார். எனக்குச் சமையலும் பக்ஷணமும் சொல்லிக் கொடுத்தார், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தார். என் தலையை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. சுமங்கலி தலையில் தன் கை படக்கூடாது என்பது அவர் தானே போட்டுக்கொண்ட சட்டம். அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே இறங்குகிற தலைமயிர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காமாலைக்கு எங்கள் தெருவில் ஒரு சோதனை உண்டு. நோயாளியின் மூத்திரத்தில் ஒரு பிடி சோற்றைப் போட்டு ஊறவைத்து, எடுத்துக் கழுவிப் பார்ப்பார்கள். சோறு மஞ்சளாகிவிட்டால் காமாலை. அக்கா அதைச் செய்தார். சோறு எலுமிச்சம்பழச் சாதம் மாதிரி வந்தது. அன்று மாலை எதிர்வீட்டு வக்கீலும் கோடிவீட்டு வக்கீலும் வந்தார்கள். இவருக்கு ஆத்ம நண்பர்கள், தினம் எங்கள் வீட்டு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து என் காபியைக் குடித்துத் தீர்ப்பவர்கள். கொட்டாங்கச்சியில் இருந்த சோற்றை எதிர்வீட்டு வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"இந்தச் சாதம் முன்னாடி வெள்ளையா இருந்ததுங்கறதுக்கு யார் சாட்சி?" என்று கேட்டார்.

என் அகத்துக்காரர் மெச்சிக்கொண்டார். காமாலையின் மேல் கேஸ் நிற்கவில்லை என்று மூவரும் முடிவு செய்தார்கள். மறுநாள் அவருடைய கை, கழுத்து, முதுகெல்லாம் மஞ்சள் பூத்து, நமைச்சல் எடுக்க ஆரம்பித்தது. விசிறிக் காம்பால் சொறிந்தபடியே ஒரு ஜாமீன் மனு எழுதினார்.

கடைசியில் லஸ்ஸிலிருந்து டாக்டரை நானே வரவழைத்தேன். இளைஞர், பொறுமைசாலி. எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அந்தக் குணம் தேவைப்பட்டது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மலம் என்ன நிறம் என்று கேட்டார். களிமண் நிறம் என்று கதவுக்குப் பின்னாலிருந்து நான் சொன்னேன். அப்புறம் அவர் விளக்கியதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"ஈரல்ல பித்தம் உண்டாறது. ஒரு சின்னக் குழாய் வழியா குடலுக்கு இறங்கறது. காமாலையிலே ரெண்டு தினுசு. ஈரலே நோயாப் படுத்துண்டா ஒண்ணு. ஈரல் நன்னா இருந்து குழாய் அடைச்சுண்டா இன்னொண்ணு. அடைச்சுண்டா பித்தம் போக வழியில்லாம ரத்தத்துக்கே திரும்பிடும். வெளியிலே பார்த்தா ரெண்டும் ஒரே மஞ்சள்தான். ஆனா முதல் தினுசுக்குக் கத்தி வெச்சா, மயக்க மருந்தே ஆளை முடிச்சுடும். ரெண்டாவதுக்குக் கத்தி வைக்காட்டா, வியாதி முடிச்சுடும்."

"எதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் இவர்.

"ரத்தத்தைக் கேட்டாத் தெரியும். ரத்தத்தை எடுத்து உறைய விட்டா, மேலே தெளிவா ஒரு தண்ணி நிக்கும். அதுலே ஒரு மருந்தை விடணும். விட்டவுடனே சிவப்பாச்சுன்னா பெரும்பாலும் குழாய் அடைப்பு. தயங்கித் தயங்கிச் சிவந்தா வேற."

இவர் வெறும் வயிற்றோடு சோதனைச்சாலைக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மருந்தை விட்ட மாத்திரத்தில் செம்பருத்திப் பூ நிறத்துக்கு வந்ததாம். குழாயில் கல் இருக்கவேண்டும், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார சர்ஜன் இருக்கிறார், சீக்கிரம் அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். 

இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி. இது கீழ்க்கோர்ட் தீர்ப்பு. இதுக்கு மேலே அப்பீல் எங்கே?" என்றார்.

டாக்டர் சிரித்தார், தமாஷ் என்று நினைத்துக்கொண்டார் பாவம். இந்தத் தெருக்காரர்களை அவருக்குத் தெரியாது. முதல் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்வது இவர்களுக்குத் தொழிலையே காட்டிக்கொடுப்பது மாதிரி. அன்று மாலையே மூன்று வக்கீல்களும் உட்கார்ந்து அப்பீலுக்குக் காரணங்கள் தயார் செய்தார்கள். அந்த மருந்து எல்லார் ரத்தத்தையும் சிவக்க வைக்காது என்பதற்கு என்ன ருசு? நோயில்லாத ஒரு ரத்தத்தைப் பக்கத்தில் வைத்து நம் கண் முன்னால் சோதித்தார்களா? இல்லை. ஆகவே தீர்ப்பு செல்லாது. மறுவிசாரணை வேண்டும். நோயில்லாத ரத்தம் தர நண்பர்கள் இருவரும் முன்வந்தார்கள். உயிர்த்தியாகம் செய்யப்போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதை அறிவித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஜட்காவில் கிளம்பினோம். இவருக்குத் தனியாக ஏறி இறங்கத் தெம்பில்லாததால் நானும் கூடப் போனேன். எப்போதும் எங்களுக்கு ஜட்கா ஓட்டுகிற சாயபு, வண்டியில் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா சாமி, காலங்காத்தால எல்லாரும் எங்கே போய்க்கினு கீறீங்க? கோர்ட்டு கச்சேரி லீவாச்சே?"

"ரத்தம் குடுக்கப் போறோம்" என்றார் எதிர்வீட்டு வக்கீல், கம்பீரமாக.

"அடிதடியா சாமி?" என்றார் சாயபு.

சோதனைச்சாலையில் முதலில் உட்கார்ந்தவர் கோடிவீட்டு வக்கீல். ஊசியைப் பார்த்தார், பெஞ்சியோடு சாய்ந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "ஐ அப்ஜெக்ட்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்தார். அடுத்து எதிர்வீட்டு வக்கீல் தைரியமாகக் கையை நீட்டினார். எடுத்த ரத்தம் உறையட்டும் என்று காத்திருந்தோம். மேலே தெளிவாக நிற்கவேண்டிய தண்ணீர் மோர் மாதிரி வெளுத்து, திட்டுத்திட்டாக நின்றது. சோதனைக்காரர் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஸார், வெறும் வயித்தோட வரச்சொன்னேனே. என்ன சாப்பிட்டேள்?"

"ஒண்ணும் சாப்பிடலை."

"ஸார், இது பூரா நெய்."

"அது பிரசாதம்" என்றார் வக்கீல். மார்கழி அல்லவா, விடியற்காலையில் கோயிலில் வெண்பொங்கல் கொடுக்கிறார்கள், நெய் முழங்கையில் வழியும். "பிரசாதம் சாப்பாட்டிலே சேராது. ஏகாதசி அன்னிக்குக்கூட யாரும் வேண்டாம்னு சொல்றதில்லை. ஆகாரம் வேற, பிரசாதம் வேற."

"உங்க ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியலையே ஸார்" என்றார் அவர். அதற்குப் பதிலாக இவர்கள் மூவரும் சாஸ்திரத்திலிருந்து மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள். மயங்கிக் கிடந்தவர்கூட எழுந்து உட்கார்ந்து ஒன்று சொன்னார். நான் பொறுக்கமாட்டாமல் வெளியே வந்து, மரத்தடியில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த சாயபுவிடம் புலம்பினேன்.

"அட, இதுக்கா இத்தினி சத்தம்?" என்றார் சாயபு. "நான் நோம்பும்மா. நேத்து ராவு துன்னது, விடிகாலைல தூங்கிப்பூட்டேன். பச்சத் தண்ணி கூட பல்லுல படல. வோணும்னா என்னுத எட்துக்கச் சொல்லு. ரத்தம் போனா நோம்பு போவாதுன்னு எங்க பள்ளிவாசல் அஜ்ரத்து சொல்லிக்கீறாரு."

அந்த வருஷம் ரம்ஜானும் மார்கழியும் ஒன்றாக வந்திருந்தது. ஊரில் நிஜமாகவே வெறும் வயிற்றோடு இருந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. உள்ளே வந்து கையை நீட்டினார், முகம் சுளிக்காமல் கொடுத்தார், குதிரையைப் பார்க்கப் போய்விட்டார். ரத்தம் உறைந்ததும் அவர் குழாயையும், அன்று காலை இவரிடம் எடுத்த குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருந்தை விட்டார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். சாயபுவின் குழாய் வைத்தது வைத்தபடி இருந்தது. என் அகத்துக்காரரின் குழாய் சொட்டு விழுந்தவுடனே சிவந்தது. முந்தைய தடவையைவிட மஞ்சளும் கூடுதல் என்று சோதனைக்காரர் தணிந்த குரலில் சொன்னார்.

வண்டியில் திரும்பினோம். இனி ஒத்துக்கொள்வார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். லஸ் தாண்டியதும் எதிர்வீட்டு வக்கீல் இங்கிலீஷில் ரகசியமாகச் சொன்னார்: கறி சாப்பிடுகிறவர் ரத்தத்தையும் தயிர்சாதம் சாப்பிடுகிறவர் ரத்தத்தையும் ஒப்பிட்டது சட்டப்படி செல்லுமா? என் அகத்துக்காரரின் மஞ்சள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் களை வந்தது. எனக்கு அந்த இங்கிலீஷ் புரிந்தது. மூன்று பேரையும் வண்டியிலிருந்து தள்ளிவிடலாம் போல் ஆத்திரம் வந்தது.

இரண்டாவது அப்பீல் நாளுக்கு நாள் தள்ளிப் போயிற்று. சைவ ரத்தமாக, பட்டினி ரத்தமாக, ஊசிக்குப் பயப்படாத ரத்தமாக ஓர் ஆள் தேடினார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் அகப்படவில்லை. இதற்குள் அவர் கறுத்த மஞ்சளாகிவிட்டார். சோறு இறங்கவில்லை. சொறிந்து சொறிந்து தோளெல்லாம் கீறல். என்னைப் பார்க்கப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அவரைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கண் மெதுவாக என் தலைக்கு ஏறும். "எவ்வளவு அடர்த்தி" என்றாள் ஒருத்தி, பெருமூச்சோடு. அவள் போனதும் கிணற்றடியில் நின்று அழுதேன். அவர் செத்துவிடுவாரோ என்று அழுதேன், எனக்கு என்ன ஆகுமோ என்றும் அழுதேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

ஒரு மாலை டாக்டர் தானாகவே வந்தார். இவருடைய காது மடலில் ஊசியால் லேசாகக் குத்தி, வருகிற ரத்தத்தை உறிஞ்சுகிற காகிதத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். சாதாரணமாக நாலைந்து ஒற்றலில் நின்றுவிடவேண்டுமாம். நிற்கவில்லை. காகிதம் பூராவும் சிவப்புப் பொட்டாக நிறைந்தது, அடுத்த காகிதம் எடுத்தார்.

"பித்தம் குடலுக்குப் போகாததாலே ரத்தம் உறையற சக்தி குறைஞ்சுண்டே வர்றது" என்றார். "சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டு இப்பவே அறுத்தா உண்டு. இன்னும் தள்ளிப்போட்டா எந்த சர்ஜனும் கத்தியைத் தொடமாட்டார். தொட்டா ரத்தம் நிக்காது."

ஆபீஸ் அறையில் நண்பர்கள் இருவரும் இருந்தார்கள். இவர் காதைப் பஞ்சால் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு வாய்தா குடுங்கோ டாக்டர்" என்றார். "ஹரிஹரன் கோயில் தெருவிலே ஒரு பையன் இருக்கானாம், சுத்த சைவம், வர்ற வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கேன்னு சொல்லியிருக்கான்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் ஆபீஸ் அறைக்குள்ளே போய்விட்டேன். வெளி ஆண்கள் இருக்கும்போது அந்த அறைக்குள் அதற்குமுன் கால் வைத்ததில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள், இவர் மட்டும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி, உள்ளே போ" என்றார்.

"போறேன். ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்" என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது. "இந்தக் கேஸ்லே நீங்க தோத்தா உங்களுக்கு என்ன தண்டனை? போயிடுவேள். கோர்ட்டிலே எல்லாரும் எழுந்து நின்னு கொஞ்ச நாழி பேசாம இருப்பா, அதோட சரி. தண்டனை எனக்கு. பத்தாம் நாள் என்னை உக்காத்தி வெச்சு..." கை தானாகப் பின்னலுக்குப் போயிற்று. "அனுபவிக்கப்போறவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டேளா?"

எதிர்வீட்டு வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இவா இதிலே பார்ட்டியே இல்லையே" என்றார். மனசாரத்தான் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல, அந்த மனுஷருக்கு வேறெப்படியும் யோசிக்கத் தெரியாது.

எனக்குப் பின்னால் சேலை சரசரத்தது. அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். இத்தனை ஆண்களுக்கு முன்னால் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. முக்காட்டைக் கையால் பிடித்துக்கொண்டு தம்பியை நேராகப் பார்த்தார்.

"இந்த ஆத்துக்கு என் தலை ஒண்ணு போறும்டா" என்றார்.

அக்காவுக்குத் தலை மழித்த அன்று இவர் சின்னப் பையன். கதவை உதைத்து உதைத்து அழுதார் என்று என் மாமியார் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அக்காவின் முக்காட்டையே பார்த்தார். காதிலிருந்த பஞ்சு நனைந்து, ரத்தம் கழுத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"நாளைக்கே ஏற்பாடு பண்ணுங்கோ டாக்டர்" என்றார்.

"அப்போ அப்பீலை வாபஸ் வாங்கறியா?" என்றார் எதிர்வீட்டு வக்கீல்.

"வாபஸ்."

மறுநாள் காலை ஜட்கா வந்து நின்றது. வழக்கப்படி அக்கா கொல்லைப்புறம் போய்விட்டார். இவர் வாசல்படியில் என் தோளைப் பிடித்து நின்றுகொண்டு, "அக்கா எங்கே? எதிர்லே வரச்சொல்லு" என்றார். கோடிவீட்டு வக்கீல் பதறிப்போய், ஆபரேஷனுக்குப் போகிற நேரத்தில் சகுனம் பார்க்கவேண்டாமா என்றார். "இவ எதிர்லே வந்து யாராவது செத்தான்னு எவிடென்ஸ் இருக்கா?" என்று இவர் சீறினார். தனியாக நிற்கத் தெம்பில்லாவிட்டாலும் அதற்குத் தெம்பு இருந்தது. அவரைத் திண்ணையில் உட்கார்த்திவிட்டு நான் போய் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். தெருவில் இறங்கி, திரும்பி, எதிரே நடந்து வந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை, கால் தடுமாறியது. "குந்து சாமி, நல்லாத்தான் திரும்பி வருவே" என்றார் சாயபு. வண்டி கிளம்பியது.

சுண்டைக்காய் அளவுக் கல் ஒன்றை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் ரத்தம் நிற்பேனா என்று பயமுறுத்தியது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தேன், பல் தேய்த்தேனா, சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை. ஒரு பிற்பகல் லஸ் டாக்டர் வந்து, காயம் ஆற ஆரம்பித்துவிட்டது, காலையில் எடுத்த ரத்தத்தில் மஞ்சள் நன்றாக இறங்கியிருக்கிறது, இனிப் பயமில்லை, அகத்துக்குப் போய் ஸ்நானம் பண்ணிவிட்டு வாருங்கள் என்றார். அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. ஆபீஸ் அறையில் எதிர்வீட்டு வக்கீலும் கோடிவீட்டு வக்கீலும், இது அப்பீல் செய்து கிடைத்த வெற்றியா, வாபஸ் வாங்கிக் கிடைத்த வெற்றியா என்று உரக்க வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் நேராகக் கிணற்றடிக்குப் போனேன். அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"பிழைச்சுட்டார்" என்றேன்.

அக்கா தலையை நிமிர்த்தினார். என் முகத்தையே பார்த்தார், பிறகு என் தலையைப் பார்த்தார். சிக்குப் பிடித்து, கலைந்து, பரட்டையாகக் கிடந்தது. எழுந்து உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் எடுத்துவந்தார். என் தோளை அமுக்கித் தனக்கு முன்னால் தரையில் உட்கார வைத்தார். அவர் விரல் என் உச்சந்தலையில் பட்டபோது எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்தார். அப்புறம் சிக்கெடுக்க ஆரம்பித்தார்.

"யாரங்கே, ரெண்டு காபி" என்று ஆபீஸ் அறையிலிருந்து குரல் வந்தது.

பழக்கதோஷம், நான் எழுந்திருக்கப் போனேன்.

"ஆடாம உக்காருடி" என்றார் அக்கா.

உட்கார்ந்தேன்.